ஆங்கில வரைபடத்தைத் தமிழாக்குவது எப்படி? 'டேங்க்' தொட்டியாகாமல், தாழையூத்து 'தலையூத்து' ஆகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? முழு விவரம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லை, தூத்துக்குடி மக்கள் அவ்வளவு சுலபத்தில் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. திருச்செந்தூரில் சுமார் 69 செ.மீ. தாமிரபரணி கரை புரண்டது. ஏரல் துண்டிக்கப்பட்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயில், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது.

அந்த மாதிரி நாட்களில் வாட்ஸ்அப்பில் அதிகம் சுற்றுவது படங்கள்தான். மழை எச்சரிக்கை படம், செயற்கைக்கோள் படம், ஆற்று வரைபடம், அணை நீர்மட்டப் பட்டியல். இவற்றில் பெரும்பாலானவற்றின் எழுத்துகள் ஆங்கிலத்தில் இருக்கும். கரையோர ஊரில் இருக்கும் ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்து, "நம்ம ஊரு இதுல எங்க இருக்கு? சிவப்பு நிறம்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டால், பக்கத்தில் இருப்பவர் படித்துச் சொல்ல வேண்டும்.

படத்தை மறுபடி வரைய வேண்டியதில்லை. அதில் உள்ள ஆங்கில எழுத்துகளை எடுத்துவிட்டு, அதே இடத்தில் தமிழை வைத்தால் போதும். கேட்பதற்குச் சின்ன வேலை மாதிரி இருந்தாலும், தப்பாகச் செய்தால் ஆங்கிலப் படத்தைவிட ஆபத்தான படம் கையில் இருக்கும். சரியாகச் செய்வது எப்படி? தாமிரபரணி வரைபடத்தையே உதாரணமாக வைத்துப் பார்க்கலாம்.

முதலில் பார்க்க வேண்டியது: படம் எந்த வகை?

படங்கள் இரண்டு வகை. ஒன்று, புள்ளிகளால் ஆன படம். ஜேபெக், பிஎன்ஜி கோப்புகள் இந்த வகை. போனில் எடுக்கும் போட்டோ, ஸ்கிரீன்ஷாட், ஸ்கேன் செய்த பழைய வரைபடம் எல்லாம் இதில் வரும். இவற்றில் எழுத்தும் ஆறும் கரையும் எல்லாமே வண்ணப் புள்ளிகள்தான். 'பாபநாசம்' என்று எழுதியிருப்பது கணினிக்குத் தெரியாது.

இன்னொன்று, கோடுகளால் ஆன படம். எஸ்விஜி கோப்பு இந்த வகை. "இந்த இடத்தில் ஒரு கோடு, அந்த இடத்தில் இந்த எழுத்து" என்று கட்டளைகளாகச் சேமிக்கப்பட்டிருக்கும். எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. எழுத்துகள் எழுத்துகளாகவே இருக்கும் என்பதால் மாற்றுவதும் சுலபம்.

எனவே, வேலையைத் தொடங்கும் முன் அந்தப் படத்தின் எஸ்விஜி வடிவம் கிடைக்குமா என்று தேடுங்கள். விக்கிமீடியா காமன்ஸ் தளத்தில் ஏராளமான வரைபடங்களும் அறிவியல் படங்களும் இந்த வடிவில் இருக்கின்றன. அலுவலகத்திலோ நிறுவனத்திலோ செய்த படம் என்றால், வடிவமைத்தவரிடம் மூலக் கோப்பைக் கேளுங்கள். ஒரு போன் கால், அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

இரண்டாவது வேலை: பெயர்ப் பட்டியல்

பலரும் தவறு செய்யும் இடம் இது. படத்தைத் திறந்ததும் அழிப்பானைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். அதற்கு முன், படத்தில் உள்ள ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லையும் ஒரு எக்செல் தாளில் எழுத வேண்டும். பக்கத்து கட்டத்தில் தமிழ்ச் சொல். மூன்றாவது கட்டத்தில், அந்தத் தமிழ்ச் சொல்லை எங்கே சரிபார்த்தோம் என்ற குறிப்பு.

தாமிரபரணி வரைபடம் என்றால் பட்டியலில் என்னவெல்லாம் வரும்?

* அணைகள்: பாபநாசம் (143 அடி), சேர்வலாறு (156 அடி), மணிமுத்தாறு (118 அடி).
* அணைக்கட்டுகள் (மேலிருந்து கீழாக): கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். மொத்தம் 8.
* கால்வாய்கள்: வடக்கு, தெற்கு கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், கோடகன், பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய், மருதூர் மேலக்கால், கீழக்கால், ஸ்ரீவைகுண்டம் வடகால், தென்கால். மொத்தம் 11.
* துணை ஆறுகள்: சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு உள்ளிட்டவை.
* தொடக்கமும் முடிவும்: பொதிகை மலையில் பிறந்து, சுமார் 128 கி.மீ. ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது.

பட்டியல் தயாரானால் பாதி வேலை முடிந்த மாதிரி. அடுத்த முறை வேறொரு படம் வந்தாலும் இதே பட்டியல் கைகொடுக்கும்.

'டேங்க்' என்றால் தொட்டி இல்லை

பட்டியலை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுத்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்.

தென்னிந்தியப் பாசன ஆவணங்களில் 'டேங்க்' என்றால் குளம். செயலி அதைத் 'தொட்டி' ஆக்கிவிடக்கூடும். 'சேனல்' என்றால் கால்வாய். செயலி அதை டிவி சேனலாகவும் விட்டுவைக்கலாம். 'பண்ட்' என்றால் குளத்தங்கரை. 'ஸ்லூஸ்' என்றால் மடை அல்லது மதகு. 'சர்ப்ளஸ்' என்று போட்டிருந்தால் 'உபரி' என்று எழுதுவது தப்பில்லை. ஆனால் நெல்லைப் பக்கம் குளம் நிரம்பி வழிந்தால் 'மறுகால் பாயுது' என்றுதான் சொல்வார்கள். அந்த ஊர்க்காரர் பார்க்கும் படத்தில் 'மறுகால்' என்று இருந்தால் ஒரு நொடியில் புரிந்துவிடும்.

'அனிகட்' என்ற சொல்லின் கதை இன்னும் சுவாரஸ்யம். ஆங்கிலப் பொறியாளர்கள் எழுதி வைத்த இந்தச் சொல், தமிழின் 'அணைக்கட்டு' தான். இங்கிருந்து போய், ஆங்கில அகராதியில் ஏறி, வரைபடத்தில் திரும்பி வந்திருக்கிறது. அதைத் தமிழில் 'அனிகட்' என்றே ஒலிபெயர்த்து எழுதினால் எப்படி இருக்கும்?

இன்னொரு கவனம். 'டேம்', 'அனிகட்' இரண்டையும் 'அணை' என்று எழுதிவிடக் கூடாது. பாபநாசம் அணை தண்ணீரைத் தேக்கி வைப்பது. மருதூர் அணைக்கட்டு ஆற்றின் குறுக்கே நின்று தண்ணீரைக் கால்வாய்க்குத் திருப்பிவிடுவது. வெள்ள நேரத்தில் 'அணை திறப்பு' என்றால் எந்த இடம் என்பது உயிர் போகும் விஷயம்.

அளவுகளும் அப்படித்தான். 'க்யூசெக்' என்றால் வினாடிக்கு ஒரு கனஅடி, அதாவது சுமார் 28.3 லிட்டர். 'க்யூமெக்' என்றால் வினாடிக்கு ஒரு கனமீட்டர், அதாவது சுமார் 35.3 கனஅடி. இரண்டையும் 'கனஅடி' என்று எழுதிவிட்டால், ஆற்றில் வரும் வெள்ளம் படத்தில் 35 மடங்கு குறைந்துவிடும்.

மழை எச்சரிக்கைப் படத்தில் ஒரு சொல் மாறினால்?

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் படங்களில் வரும் 'ஹெவி', 'வெரி ஹெவி', 'எக்ஸ்ட்ரீம்லி ஹெவி' ஆகியவை வெறும் அடைமொழிகள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு.

* கனமழை: 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ.
* மிக கனமழை: 12 முதல் 20 செ.மீ.
* அதி கனமழை: 21 செ.மீ. அல்லது அதற்கு மேல்.

படத்தைத் தமிழாக்குபவர் 'மிக கனமழை'க்குப் பதில் 'பலத்த மழை' என்றோ, 'அதி கனமழை'க்குப் பதில் 'மிக அதிக மழை' என்றோ தன் விருப்பத்துக்கு எழுதினால், அந்த அளவு காணாமல் போய்விடுகிறது. வழக்கில் இருக்கும் சொல்லை அப்படியே எடுத்தாள வேண்டும். படத்தின் ஓரத்தில் இருக்கும் நிற விளக்கக் கட்டத்தையும் மறக்காமல் தமிழாக்க வேண்டும். ஊர்ப்பெயரை எல்லாம் மாற்றிவிட்டு, சிவப்பு என்றால் என்ன, ஆரஞ்சு என்றால் என்ன என்பதை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

ஊர்ப்பெயர்: ஆங்கிலத்திலிருந்து திரும்ப எழுதாதீர்கள்

ஊர்ப்பெயரை யாரும் மொழிபெயர்ப்பதில்லை, ஒலிபெயர்ப்பார்கள். ஆனால் தமிழ்ப்பெயர் ஆங்கிலத்துக்குப் போகும்போதே பாதி ஒலிகள் தொலைந்துவிடுகின்றன. ல, ள, ழ மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே ஆங்கில எழுத்து. ர, ற இரண்டுக்கும் ஒன்று. ந, ன, ண மூன்றுக்கும் ஒன்று. குறில், நெடில் வித்தியாசமும் பெரும்பாலும் தெரியாது. அதைப் பார்த்துத் திரும்பத் தமிழில் எழுதினால் என்ன ஆகும்?

* தாழையூத்து, 'தலையூத்து' ஆகும்.
* களக்காடு, 'கலக்காடு' ஆகும்.
* கொற்கை, 'கோர்கை' ஆகும்.
* பழவூர், 'பலவூர்' ஆகும்.
* ஏரல், 'எரல்' ஆகும்.

பழைய வரைபடம் என்றால் இன்னும் சிரமம். ஆங்கிலேயர் காலத்தில் திருநெல்வேலி 'டின்னவெலி', தூத்துக்குடி 'டூட்டிகொரின்', பாளையங்கோட்டை 'பாளம்கோட்டா'. சேரன்மகாதேவி 'ஷெர்மாதேவி' ஆனது. குற்றாலம் 'கோர்ட்டல்லம்' ஆனது. இவற்றை ஒலிபெயர்க்கவே கூடாது. ஊரைக் கண்டுபிடித்து, அந்த ஊரின் தமிழ்ப்பெயரை எழுத வேண்டும்.

பெயரை எங்கே சரிபார்ப்பது? மாவட்ட நிர்வாகத்தின் தமிழ் இணையதளம், ஊராட்சிப் பட்டியல், ஊர் எல்லையில் நெடுஞ்சாலைத் துறை வைத்திருக்கும் பலகை. இவை மூன்றும் ஒத்துப்போனால் கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். ஓபன்ஸ்ட்ரீட்மேப் தளத்திலும் ஒவ்வொரு இடத்துக்கும் தமிழ்ப்பெயரைத் தனியாகப் பதியும் வசதி உள்ளது. ஆனால் அது தன்னார்வலர்கள் பதிவது என்பதால் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

1,018 ஊர்கள்: அரசே சந்தித்த சிக்கல்

இது சாதாரண விஷயமில்லை என்பதற்கு ஒரு சம்பவம் உண்டு. 2020 ஜூன் மாதம், தமிழ்நாட்டின் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியானது. 'டூட்டிகொரின்' என்று இருந்ததை 'தூத்துக்குடி' என்றே ஒலிக்கும்படி எழுத வேண்டும் என்பது அதில் ஒன்று. நோக்கத்தைப் பலரும் வரவேற்றார்கள். ஆனால் ஆங்கில எழுத்துகளை அடுக்கிய விதத்தில் ஏராளமான விமர்சனங்கள் எழுந்தன. சில நாட்களிலேயே அரசாணை திரும்பப் பெறப்பட்டது.

தமிழிலிருந்து ஆங்கிலம் போவதே இவ்வளவு கஷ்டம் என்றால், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குத் திரும்புவதை ஒரு செயலியிடம் விட்டுவிட முடியுமா?

பெயர் மட்டுமல்ல, காலமும் மாறியிருக்கும்

பழைய வரைபடத்தில் 'திருநெல்வேலி மாவட்டம்' என்று ஒரே வண்ணம் பூசியிருக்கும். 1986ல் தூத்துக்குடி தனி மாவட்டமானது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. எழுத்தை மட்டும் தமிழாக்கினால், இன்றைய படம் மாதிரித் தோன்றும் ஒரு பழைய படம்தான் கிடைக்கும். எனவே வரைபடம் எந்த ஆண்டுடையது என்று கீழே ஒரு வரி போடுவது அவசியம்.

ஆற்றின் பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறை வழியாக ஓடும் ஆற்றுக்கும் தாமிரபரணி என்றே பெயர். தென் மாவட்டங்கள் முழுவதையும் காட்டும் படத்தில் இரண்டு தாமிரபரணி வரும். பக்கத்தில் ஊர்ப்பெயர் இருந்தால் குழப்பம் இல்லை. இலக்கியப் பெயரான 'பொருநை'யைச் சேர்க்க விரும்பினால் சேர்க்கலாம். ஆனால் ஒரு படத்தில் ஒரு இடத்தில் பொருநை, இன்னொரு இடத்தில் தாமிரபரணி என்று மாற்றி மாற்றி எழுதக் கூடாது.

எழுத்துரு: கொம்பு ஏன் இடம் மாறுகிறது?

பட்டியல் ரெடி. இப்போது படத்தில் தமிழை ஒட்டுகிறோம். 'கொற்கை'யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. புள்ளிகள் தனியாக வட்டமாகத் தெரிகின்றன. என்ன காரணம்?

யூனிகோடில் 'கொ' என்பது முதலில் 'க', பிறகு ஒகரக் குறி என்றுதான் சேமிக்கப்படும். கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வசதி இல்லாத அல்லது அணைத்து வைக்கப்பட்ட மென்பொருளில் எழுத்து உடைந்துவிடும். போட்டோஷாப் போன்றவற்றில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பை அமைப்புகளில் போய்த் தேர்வு செய்தால் சரியாகிவிடும்.

இன்னொரு காரணம், பழைய எழுத்துருக்கள். பாமினி, வானவில் போன்றவற்றில் தட்டச்சு செய்ததை அப்படியே ஒட்டினால், ஆங்கில எழுத்தும் குறியீடுமாக என்னவோ வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ், லோகித் தமிழ் போன்ற எழுத்துருக்கள் வரைபடத்துக்குப் போதுமானவை.

'ஸ்ரீ' எழுத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இதை யூனிகோடில் இரண்டு விதமாகத் தட்டச்சு செய்ய முடியும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒருவிதமாக எழுதிய ஸ்ரீவைகுண்டத்தை இன்னொரு விதமாகத் தேடினால் கிடைக்காமல் போகலாம். பட்டியலில் ஒன்றை முடிவுசெய்து அதையே எல்லா இடத்திலும் ஒட்டுங்கள்.

எஸ்விஜி படத்தில் மாற்றுவது எப்படி?

1. இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறக்கவும்.
2. நகல் ஒன்றைச் சேமித்துவிட்டு, நகலில் மட்டும் வேலை செய்யவும்.
3. எழுத்தின் மீது இரண்டு முறை கிளிக் செய்யவும். கர்சர் வந்தால் அது எழுத்து. வராமல் சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால், அது கோடாக மாற்றப்பட்ட எழுத்து. அதை அழித்துவிட்டு புதிதாகத் தட்டச்சு செய்ய வேண்டியதுதான்.
4. பட்டியலிலிருந்து தமிழ்ச் சொல்லை ஒட்டி, எழுத்துருவை மாற்றவும்.
5. திருத்தக்கூடிய கோப்பு ஒன்றும், பகிர்வதற்கு பிஎன்ஜி ஒன்றும் எனத் தனித்தனியாகச் சேமிக்கவும்.

விக்கிமீடியா காமன்ஸில் உள்ள படம் என்றால் இதைவிடச் சுலபமான வழி உண்டு. 'எஸ்விஜி டிரான்ஸ்லேட்' என்ற கருவியில் படத்தைக் கொடுத்தால், அதில் உள்ள எழுத்துகளை வரிசையாகப் பட்டியலிட்டுக் காட்டும். எதிரே தமிழைத் தட்டச்சு செய்தால் போதும். ஒரே கோப்புக்குள் ஆங்கிலம், தமிழ், இந்தி எல்லாம் சேர்ந்து இருக்கும். தமிழ் விக்கிப்பீடியாவில் தமிழ் எழுத்தோடு அந்தப் படத்தைக் காட்டலாம்.

புதிதாகவே வரைபடம் தயாரிப்பவர்களுக்கு க்யூஜிஐஎஸ் மென்பொருள் உதவும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவை எடுத்து, 'எந்தப் பெயரைக் காட்ட வேண்டும்' என்ற இடத்தில் தமிழ்ப்பெயரைத் தேர்வு செய்தால், பதியப்பட்ட ஊர்கள் எல்லாம் தமிழில் வந்துவிடும்.

ஜேபெக் படமாக மட்டும் இருந்தால்?

இதில் மூன்று கட்டங்கள். பழைய எழுத்தை அழிப்பது, அடியில் இருந்த பின்னணியை நிரப்புவது, புதிய எழுத்தை வைப்பது.

பின்னணி ஒரே நிறமாக இருந்தால் அந்த நிறத்தில் ஒரு கட்டம் வரைந்து மூடினால் முடிந்தது. எழுத்து ஆற்றின் மேலோ, சாலையின் மேலோ, மலை நிழலின் மேலோ இருந்தால், கிம்ப் அல்லது போட்டோஷாப்பில் உள்ள நகலெடுக்கும் தூரிகையால் பக்கத்தில் இருக்கும் பகுதியை எடுத்துப் பூச வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. எழுத்தோடு சேர்த்து கால்வாய்க் கோடு ஒன்றையும் அழித்துவிடாதீர்கள். செயற்கை நுண்ணறிவு வசதியில் 'எழுத்தை நீக்கு' என்று கொடுத்தால், அடியில் என்ன இருந்திருக்கும் என்று அதுவாக ஊகித்து நிரப்பும். பூக்கள் படத்தில் அது பரவாயில்லை. வெள்ள வரைபடத்தில், இல்லாத கால்வாயை வரையவோ இருக்கும் பாலத்தை அழிக்கவோ யாருக்கும் உரிமை இல்லை. மூலப் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டே ஆக வேண்டும்.

கூகுள் லென்ஸ் போன்ற செயலிகள் போனைக் காட்டியதும் எழுத்துக்கு மேலேயே மொழிபெயர்ப்பைக் காட்டுகின்றன. ஒரு படத்தில் என்ன இருக்கிறது என்று உடனே தெரிந்துகொள்ள இது நல்ல வழி. ஆனால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து நாலு பேருக்கு அனுப்புவதற்கு முன், மேலே சொன்ன தொட்டியையும் தலையூத்தையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

இடம் போதவில்லை என்றால்?

தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தைவிட அகலமானவை. ஆங்கிலத்தில் மூன்று எழுத்தில் முடியும் இடத்தில் கல்லிடைக்குறிச்சியை எப்படி நுழைப்பது?

* எழுத்தைச் சுருக்கி நெருக்காதீர்கள். போனில் பார்க்கும்போது புள்ளி மறைந்துவிடும். புள்ளி போனால் சொல்லே மாறிவிடும்.
* எழுத்தைத் தள்ளி வைத்து, ஒரு மெல்லிய கோட்டால் இடத்தோடு இணைக்கலாம்.
* இரண்டு வரியாகப் பிரிக்கலாம். 'பாளையங்' ஒரு வரி, 'கோட்டை' அடுத்த வரி. புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக் கூடாது.
* நெல்லை, பாளை, அம்பை, ஸ்ரீவை போன்ற பழகிய சுருக்கங்கள் கைவசம் இருக்கின்றன. வெளியூர்க்காரர்களும் பார்க்கும் படம் என்றால் முழுப்பெயரே நல்லது.

ஆங்கில வரைபடங்களில் மாவட்டத்துக்குப் பெரிய எழுத்து, ஆற்றுக்குச் சாய்வெழுத்து என்று வழக்கம் உண்டு. தமிழில் பெரிய எழுத்து கிடையாது. அதற்குப் பதில் தடிமன், அளவு, நிறம் ஆகியவற்றால் வித்தியாசம் காட்டலாம். ஆறு என்றால் நீலம், மாவட்டம் என்றால் பெரிய சாம்பல் நிற எழுத்து. அடர்ந்த பின்னணியில் எழுத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளை விளிம்பு கொடுத்தால் தெளிவாகத் தெரியும்.

அனுமதி வேண்டாமா?

வேண்டும். எழுத்தை மாற்றினாலும் படம் வரைந்தவருடையதுதான். ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவைப் பயன்படுத்தினால் அதன் பங்களிப்பாளர்களுக்கு நன்றி குறிப்பிட வேண்டும். விக்கிமீடியா படங்களுக்கு ஒவ்வொன்றின் பக்கத்திலும் உரிம நிபந்தனை இருக்கும். அரசுத் துறையின் எச்சரிக்கைப் படம் என்றால், மூலம் எது, எந்தத் தேதி, எத்தனை மணி என்பதை அழிக்கவே கூடாது. 'தமிழாக்கம்' என்று தனியாக ஒரு வரி சேர்க்கலாம். நேற்றைய ரெட் அலர்ட் படம் தேதி இல்லாமல் இன்று சுற்றினால் அதுவே வதந்தி ஆகிவிடும்.

கடைசியாக ஒரு சோதனை

படம் முடிந்ததும் நான்கு விஷயங்களைப் பாருங்கள். பட்டியலில் இருந்த எல்லாச் சொற்களும் படத்தில் இருக்கின்றனவா? எண்கள் மூலப் படத்தோடு ஒத்துப்போகின்றனவா? சாதாரண போனில், பெரிதாக்காமல் படிக்க முடிகிறதா? எழுத்து, தான் குறிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறதா?

ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. அதற்கு மென்பொருள் எதுவும் தேவையில்லை. ஆற்றங்கரைக்காரர் ஒருவரிடம் போனை நீட்டி, "அண்ணாச்சி, இதுல உங்க ஊரு எங்க இருக்கு? தண்ணி எந்தப் பக்கமா வரும்?" என்று கேளுங்கள். அவர் விரல் சரியான இடத்தில் போய் நின்றால் படம் தயார். "இது எந்த ஊருப்பா?" என்று அவர் திருப்பிக் கேட்டால், மறுபடி பட்டியலைத் திறக்க வேண்டியதுதான்.